நாலு மணி வெயிலுக்கு ஒரு மரம்

தலை கொள்ளாத முடி உள்ள மனிதரை ஊரே 'மொட்டை' என்று கூப்பிட்டது. காரணம் அவர் தலை அல்ல, கை. கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்த காலம் முழுக்க, மழை தொடங்குமுன் நீளமான மூங்கில் கம்பின் நுனியில் கொக்கியரிவாளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மின்கம்பியின் பக்கம் தலை நீட்டிய கிளை எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் தரையில் கிடக்கும். வாசலில் ஆசையாக மரம் வளர்த்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "கிளை போனா முளைக்கும். ஆள் போனா முளைக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார்.

அவர் சும்மா சொன்னதில்லை. கூடவே கம்பம் ஏறிய கூட்டாளி ஒருவர் இருந்தார். ஒரு புயல் ஓய்ந்த காலையில், அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பாதி முறிந்து தொங்கிய குல்மோகர் கிளை சத்தமில்லாமல் கழன்று அவர்மேல் விழுந்தது. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மொட்டை. அன்றிலிருந்து அந்த மரத்தின் பெயரைச் சொன்னாலே முகம் கறுத்துவிடும். "பூவைப் பார்த்து ஏமாறாதீங்க. அது மரமே இல்ல, முருங்கைக்கு அண்ணன். காத்து அடிச்சா கையைக் காலை உதறிட்டுப் போயிடும்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டுவார்.

ஆகவே தெருவில் மரம் இல்லாத வீடு அவருடையது ஒன்றுதான். பூனை காவல் இருக்கிற வீட்டில் எலி எப்படி வளரும் என்று எதிர்வீட்டார் சிரிப்பார்கள். அவருக்கு அதில் குறையொன்றும் இருந்ததில்லை, மனைவி வீட்டுக்குள் முடங்கும்வரை.

அவள் பஸ் கண்டக்டராக இருந்தவள். கழுத்தில் விசிலும் தோளில் பையும் நாக்கில் எப்போதும் ஒரு பதிலுமாக வாழ்ந்தவள். படியில் தொங்குகிறவனைப் பார்த்து, "உள்ள வாப்பா, வெளிய தொங்கினா சரக்குக் கூலி போட்டுடுவேன்" என்பாள். சில்லறை இல்லை என்று இழுப்பவரிடம், "இறங்கும்போது வாங்கிக்கறேன், அதுவரைக்கும் உங்க முகத்தை அடமானம் வச்சுக்கறேன்" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாத நோய் வந்தது. முதலில் கன்னத்தில் சிவப்பாகத் தடித்தது. பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு காய்ச்சல். கடைசியில் அது சிறுநீரகத்துக்கும் இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வெயில் மேலே படவே கூடாது என்பது உத்தரவு. முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துணி, ஜன்னலில் கெட்டியான திரை. ஊர் முழுக்கச் சுற்றி வந்தவளின் உலகம் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி என்று சுருங்கிப்போனது.

வீடு மேற்குப் பார்த்தது. மாலை நாலு மணிக்கு முதல் ஷிப்ட் பஸ்கள் டிப்போவுக்குத் திரும்புவது அந்தத் தெரு வழியாகத்தான். அவள் திரைக்கு உள்ளே இருந்தபடியே, ஹார்னை வைத்து ஆளைச் சொல்வாள். "இது நம்ம சிடுமூஞ்சி ஓட்டுற வண்டி. பிரேக்கை மிதிக்கிறதே ஏதோ பாம்பை மிதிக்கிற மாதிரிதான்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வைதான் அவருக்குத் தாங்கவில்லை.

வாசலில் தகரம் போட்டுப் பார்த்தார். கீழே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கழற்றிவிட்டார். பெரிய குடை ஒன்றை நட்டார். மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் குடைக்கு அடியில் புகுந்து அவள் முழங்காலைப் பிடித்தது.

"இதெல்லாம் வேணாங்க" என்றாள் ஒருநாள். "எனக்கு வாசல்ல ஒரு மரம் வேணும். நாலு மணிக்கு நாற்காலியைப் போட்டு அது கீழ உக்காரணும். போற வர்றவங்களோட நாலு வார்த்தை பேசணும். அவ்வளவுதான்."

"வாசல்ல கம்பி போகுதே."

"ஆமா, உங்களுக்கு வானத்துல வேற எது தெரிஞ்சிருக்கு? நிலா வந்தாக்கூட கம்பியைத் தொடுதான்னுதானே பார்ப்பீங்க."

அவர் அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில், அவளை எடை பார்க்க அழைத்துப்போன இடைவெளியில், டாக்டரிடம் தனியாகக் கேட்டிருந்தார். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "நாள் குறிச்சுச் சொல்றதுக்கு நான் ஜோசியர் இல்லைங்க. மருந்து குடுக்கறோம், பார்ப்போம். ஆனா ரொம்பத் தள்ளிப்போற மாதிரி திட்டம் எதுவும் வச்சுக்காதீங்க." அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். மருந்துக் கடை வரிசையில் அவள், "என்ன சொன்னார் பெரிய மனுஷர்?" என்று கேட்டாள். "உப்பைக் குறைக்கச் சொன்னார்" என்றார்.

மரத்தைவிடத் தள்ளிப்போகிற திட்டம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

மகள் தூரதேசத்தில் இருந்தாள். மரம் வைக்கப் போகிறோம் என்றதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்து செய்ய முடியாததையெல்லாம் போனிலேயே செய்துவிடத் துடித்தாள்.

"அப்பா, கிடைச்சதை நட்டுடாதீங்க. தண்ணி இல்லாட்டியும் தாங்கணும். காத்துக்கு ஒடியக்கூடாது. பூச்சி அண்டக்கூடாது. வேர் சுவரைப் பொளக்கக்கூடாது. இலை நெருக்கமா இருக்கணும், பார்க்கவும் லட்சணமா இருக்கணும்."

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "மரம் பார்க்கறீங்களா, மாப்பிள்ளை பார்க்கறீங்களா? இவ்வளவும் உள்ளது கிடைச்சா முதல்ல நான் கட்டிக்கறேன்!"

மகள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா நிஜமாவே எப்படி இருக்காங்க? மறைக்காம சொல்லுங்கப்பா" என்றாள்.

"இப்ப கேட்டியே, அப்படித்தான் இருக்கா."

"சரிப்பா. மரத்தை மட்டும் பார்த்து வாங்குங்க" என்று வைத்துவிட்டாள்.

நாற்றுப்பண்ணையை நடத்துகிறவள் அவரைத் தெரிந்தவள். வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தியதைக் கண்டதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ அண்ணே, இங்க கம்பி எதுவும் போகல! எல்லாம் இடுப்புயரம்கூட வராத குழந்தைங்க. விட்டுடுங்க!" என்றாள்.

"வெட்ட வரல தாயி. வாங்க வந்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மழை வரும்னு நினைக்கிறேன்" என்றபடி, பைகளில் வரிசையாக நின்ற கன்றுகளுக்கு நடுவே கூட்டிப்போனாள். அவர் நடந்துகொண்டே பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் இலையைப் பார்ப்பார்கள், பூ என்ன நிறம் என்று கேட்பார்கள். அவருக்கு ஒவ்வொரு மரமும் முறிகிற விதம் தெரியும். வாதுமைக்குக் கிளை ஒடியாது, ஆனால் இலையைக் கொட்டிச் சாக்கடையை அடைக்கும். தூங்குமூஞ்சி வளர்ந்தால் ஒரு தெருவையே கேட்கும். நெட்டிலிங்கம் நிமிர்ந்து நிற்குமே தவிர நிழல் கொடுக்காது, சில சொந்தக்காரர்கள் மாதிரி.

"நிழலுக்குன்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க" என்று ஒரு கன்றின் முன்னால் நின்றாள். சின்ன, அடர்ந்த, பளபளப்பான இலைகள். மகிழம். "எந்தக் காத்துக்கும் அசையாது. தண்ணி மறந்தாலும் கோவிச்சுக்காது. வருஷம் பூரா பச்சை. பூ உதிர்ந்து காஞ்சாக்கூட வாசனை போகாது."

அவருக்கு அதைத் தெரியும். வேலைக்காலத்தில் அவர் அரிவாளுக்கு மிகக் குறைவாக வேலை வைத்த மரம் அது. எப்போதோ ஒருமுறை ஓரத்தைத் தட்டினால் போதும். தட்டினாலும் முகம் கெடாது, இன்னும் அடர்ந்து வரும்.

"ஒரு ஆள் உக்கார நிழல் வர எவ்வளவு காலமாகும்?"

"அது மட்டும் கேக்காதீங்க. இது நின்னு நிதானமாத்தான் வரும். அவசரப்பட்டா ஆகாது. அண்ணே, நிழல் எப்போ வேணும் உங்களுக்கு?"

சாதாரணக் கேள்விதான். அவருக்கு டாக்டர் பேனாவை மூடிவைத்தது ஞாபகம் வந்தது. பக்கத்து வரிசையில் இறகு இறகாக இலை விரித்து, மற்ற கன்றுகளைவிட ஒரு சாண் ஓங்கி நின்றதைக் கை காட்டினார். "அது?"

"குல்மோகரா? அது ஓடும். கண்ணுக்கு முன்னாலயே ஓடும். ஆனா அதைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமாண்ணே?"

"குடு" என்றார்.

வழி நெடுக, சைக்கிளின் பின்னால் அந்த இலைகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தன. யாரோ பின்னால் உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். வாசலில்தானே கம்பி? கொல்லைப்பக்கம் ஒரு கம்பியும் இல்லை. அங்கே வைத்தால் எந்த லைன்மேன் தலையிலும் விழப்போவதில்லை. மரம் சீக்கிரம் வரும். அவள் உட்காருவாள். பிறகு புயலில் ஒடிந்தால் ஒடியட்டும். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

கொல்லையில் மதிலோரமாகக் குழி எடுத்தார். மண்ணைப் பொடித்தார், மக்கிய எருவைக் கலந்தார். கன்றின் பையைக் கிழிக்கப் போனபோது பின்கதவில் அவள் நின்றாள். தலையில் துணி, கையில் தண்ணீர்ச் செம்பு. அந்தப் பக்கத்தில் அப்போது வீட்டின் நிழல் மதில் வரைக்கும் விழுந்திருந்தது, ஆகவே வெளியே வந்து நிற்க முடிந்தது.

"குடிங்க" என்று செம்பை நீட்டினாள். அவர் குடித்தார். அவள் கன்றைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"இப்ப மணி என்ன இருக்கும்?"

"நாலாகப் போகுது."

"நாலு மணிக்கு இந்தப் பக்கம் வீடே நிழல் போட்டுக்கிட்டு நிக்குது. அதுக்கு மேல ஒரு மரம் எதுக்கு? நான் கொல்லையில உக்காந்து மதில் சுவருக்கு டிக்கெட் கிழிக்கவா?"

அவர் கையில் செம்போடு நின்றார். வீட்டின் நிழலுக்குள்தான் இவ்வளவு நேரமும் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வெயில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்கக் கம்பி எங்கே போகிறது என்று மட்டுமே நிமிர்ந்து பார்த்த கழுத்து அது.

"கம்பி..." என்று ஆரம்பித்தார்.

"கம்பி கிடக்கட்டும்." அவள் குரலில் கிண்டல் இல்லை. கன்றின் இலையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். "இந்த மரத்தை நீங்க திட்டாத நாள் உண்டா? கூட்டாளியைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி, இது நம்ம வீட்டு நிலத்துல கால் வைக்காதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு நீங்களே சுமந்துட்டு வந்து குழி வெட்டறீங்க." இலையை விட்டாள். "டாக்டர் உப்பைப் பத்தி மட்டும் பேசல, இல்ல? என் டிக்கெட் எந்த ஸ்டாப் வரைக்கும்?"

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப தூரம் திட்டம் போட வேணாம்னார்" என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அவளும் மெதுவாக, மூட்டு வலிக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசல் பக்கத்தில் ஒரு பஸ் போனது. இந்த முறை அவள் யாருடைய வண்டி என்று சொல்லவில்லை. கொஞ்சம் அழுதாள். அவர் மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்காகச் சீக்கிரம் வளர்றதைக் கொண்டாந்து, ஓடுற வண்டியில ஏத்திவிடப் பார்த்தீங்களாக்கும்" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ உக்காரணும்னு சொன்னியே."

"உக்காரணும்னுதான் சொன்னேன். எனக்காக ஒருத்தன் தலையில ஒடிஞ்சு விழறதை வைக்கச் சொல்லல. நாளைக்கு நம்ம பொண்ணு வந்து நிக்கும்போதா விழும், தண்ணி கேட்டு வர்றவன் நிக்கும்போதா விழும், யாரு கண்டா? வேற என்ன மரம் இருந்துச்சு?"

"மகிழம். ஆனா அது மெதுவா வரும்."

"வரட்டும். கண்டக்டர் பாதியில இறங்கிட்டா வண்டி நின்னுடுமா? யாராவது ஏறி உக்காருவாங்க." எழுந்திருக்கக் கையை நீட்டினாள். "வாசல்ல வைங்க. நாலு மணிக்கு உக்காரணும்னு நான் கேட்ட இடத்துல."

மறுநாள் அவர் குல்மோகரைத் திருப்பிக் கொண்டுபோனார். பண்ணைக்காரி மகிழங்கன்றுகளில் இருப்பதிலேயே உரமானதைத் தானே தேடி எடுத்து வைத்தாள்.

இந்தத் தடவை இடத்தில் தவறு வரக்கூடாது என்று ஒரு வேலை செய்தார். பழைய மூங்கில் கம்பைப் பரணிலிருந்து இறக்கினார். அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்த நுனியில் பெரிய குடையை விரித்துக் கட்டினார். வாசலில் அவள் விரும்பிய இடத்தில் நாற்காலியைப் போட்டார். நாலு மணிக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு முன்மதில் ஓரமாகப் போய் நின்றார். பழக்கம் விடவில்லை, முதலில் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். குடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். பிறகுதான் குனிந்து தரையைப் பார்த்தார். நிழல் நாற்காலியைத் தாண்டிப் படிக்கட்டில் விழுந்திருந்தது.

ஜன்னல் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு அவள் உத்தரவு போட்டாள். "இடது பக்கம்! இன்னும்! ரைட், ரைட், வரட்டும்... ஹோல்டான்! கொஞ்சம் கீழ இறக்குங்க!"

எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். "என்ன மொட்டையண்ணே, வெட்டின மரத்துக்கெல்லாம் பரிகாரமா?" என்றார் ஒருவர்.

"ஆமாப்பா. வாய் பார்க்கறவன் வந்து ஒரு கை பிடி."

ஒருவரும் பிடிக்க வரவில்லை, ஆனால் யாரும் உள்ளேயும் போகவில்லை. அவர் ஒரு அடி நகர்ந்தார், அரை அடி பின்வாங்கினார். குடையின் நிழல் மெல்ல ஊர்ந்து நாற்காலியின் மேல் ஏறி, முதுகையும் கைப்பிடியையும் கால் வைக்கிற இடத்தையும் மூடி நின்றது.

"ரைட்!" என்றாள் அவள்.

காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்தார். கம்பை இறக்கப் போனபோது கதவு திறந்தது. அவள் தலைத்துணியைத் தாடை வரை இழுத்துக்கொண்டு, கதவுக்கு உள்பக்கத்து நிழலிலிருந்து குடையின் நிழலுக்கு ஒரே எட்டில் தாண்டி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அசையாதீங்க" என்றாள்.

அவர் அசையவில்லை. வெயில் இறங்க இறங்க நிழல் நழுவியது. அவர் அதற்கேற்பக் கம்பைத் தாழ்த்தித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார். தோள் கடுத்தது, முழங்கை நடுங்கியது. பஸ் ஒன்று வந்தது. டிரைவர் பிரேக்கைப் பாம்பை மிதிக்கிற மாதிரி மிதித்தார்.

"அக்கா! நீங்களா!"

"நான்தாண்டா. இன்னும் அப்படியேதான் மிதிக்கிறியா? உள்ள எத்தனை பேருக்குப் பல்லு போச்சோ?"

"அண்ணன் என்னக்கா கொடி பிடிச்சு நிக்கறாரு?"

"அவரு மரம்டா. வளர்ந்துட்டிருக்காரு, தொந்தரவு பண்ணாத."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் எதையோ மடியிலிருந்து எடுத்தாள். பழைய விசில். ஊதினாள். மூச்சு போதாமல் முதல் ஊதல் காற்றாகப் போனது. இரண்டாவது முறை கேட்டது. பஸ் கிளம்பியது. அவர் குடையைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோடு கிழித்த இடத்தில் மகிழம் வைத்தார்கள். அது வளர்கிற வரைக்கும் என்று இரண்டு கழிகளை நட்டுக் கெட்டித் துணி கட்டினார். வெயிலின் சாய்வு மாறும்போதெல்லாம் கழியை மாற்றி நட்டார். துணிக்கு அடியில் அவள் உட்கார்ந்தாள். உடம்பு இடம் கொடுத்த நாள்களில் மட்டும்தான், ஆனால் உட்கார்ந்தாள். மரத்தைப் பற்றி மகள் கேட்டால், "உன்னை மாதிரியேதான். சாப்பிடறது தெரியும், வளர்றது தெரியாது" என்பாள். ஒருநாள் துணிக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை அவருக்குக் காட்டினாள். கன்றின் நிழல், ஒரு கை அகலம்கூட இல்லாதது, அவள் கால்விரல்களின் மேல் கிடந்தது.

"விரலுக்கு வந்தாச்சு" என்றாள். "மீதி ஆளு வெயிட்டிங்."

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். மகள் வந்து, இருந்து, திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகும் மரம் தன் பாட்டுக்கு, அவசரமே இல்லாமல், வந்துகொண்டிருக்கிறது. சில வருஷம் கழித்து, ஒரு மழைக்கு முன்னால் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் கிளை வெட்ட வந்தார்கள். மேற்பார்வை பார்க்கிறவர் அவரிடம் வேலை கற்றவர். மகிழத்தையும் மேலே போகும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களா கம்பிக்குக் கீழ மரம் வச்சீங்க?"

"நான்தான்."

"வளர்ந்து தொட்டுதுன்னா?"

"அது தொடுற காலத்துல நானும் இருக்க மாட்டேன், நீயும் ரிடையர் ஆகியிருப்ப. அப்ப வர்றவன்கிட்ட மட்டும் சொல்லி வை. மொட்டை போட வேணாம், ஓரத்தைத் தட்டினாப் போதும்."

அவர்கள் போனபோது நாலாகியிருந்தது. தெருமுனையில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. மகிழத்தின் நிழல் இப்போது அவளுடைய நாற்காலியின் பாதிவரை எட்டியிருந்தது. அவர் போய் நாற்காலியைத் தூக்கி, முழுதும் நிழலுக்குள் வருகிற மாதிரி ஒரு சாண் நகர்த்திப் போட்டார். பிறகு வாசற்படிக்குத் திரும்பி, வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.